தனியாக வைத்துப் பார்த்தால்

இந்த ஊரில் குளிர்பெட்டி போன் செய்யும். விளையாட்டாகச் சொல்லவில்லை. எங்கள் ஆய்வகத்தின் மூலையில் மைனஸ் எண்பது டிகிரியில் ஆள் உயர ஃப்ரீசர் ஒன்று நிற்கிறது. உள்ளே குளிர் கொஞ்சம் குறைந்தால் போதும், அது தானாகவே என் கைபேசியைக் கூப்பிடும். எடுத்தால் ஒரு பெண் குரல், சுவீடிஷ் மொழியில், கொஞ்சமும் பதறாமல், வெப்பநிலை எல்லை தாண்டிவிட்டது என்று சொல்லும். நான் எடுக்காவிட்டால் என் சகாவைக் கூப்பிடும். அவரும் எடுக்காவிட்டால் கட்டடக் காவலரைக் கூப்பிடும். யாராவது ஒருவர் "வருகிறேன்" என்று பொத்தானை அழுத்தும்வரை அது ஓயாது. வந்த புதிதில் இதைப் பார்த்து வாயைப் பிளந்தேன். சுவீடனின் வடக்கே, வருடத்தில் பாதி நாள் பனி மூடிக் கிடக்கும் இந்த ஊரில், ஓர் இரும்புப் பெட்டிக்கு உடம்பு சரியில்லை என்றால் விசாரிக்க வரிசையாக மூன்று பேர் இருக்கிறார்கள். ஆனால் என் எதிர்வீட்டுக்காரரின் பெயர் ஏழு வருடமாகியும் எனக்குத் தெரியாது. பொதுவாகத் துணி துவைக்கும் அறைக்கு நேரம் குறிக்கிற பலகை ஒன்று கீழே இருக்கிறது. அதில் அவர் வீட்டு எண்ணைப் பார்ப்பேன், என் எண்ணை அவர் பார்ப்பார். அவ்வளவுதான் எங்கள் பழக்கம்.

நான் கிளாவரைக்காரி. கொடைக்கானலுக்கு வந்து ஏரியில் படகு விட்டு, ஹோம்மேட் சாக்லேட் வாங்கிக்கொண்டு திரும்பியவர்களுக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்காது. பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி எல்லாம் தாண்டி, இதற்கு மேல் ரோடு இல்லை என்று பஸ் திரும்புகிற இடம் எங்கள் ஊர். அந்தப் பக்கம் இறங்கினால் கேரளம். பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ் இவைதான் பிழைப்பு. நான் ஒரே பிள்ளை. கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கும்போது அம்மா போய்விட்டாள். அதற்குப் பிறகு வீட்டில் அப்பா மட்டும்தான். பக்கத்து வீட்டில் முருகாயி அத்தை. சொந்த அத்தை இல்லை. அப்பாவை அண்ணே என்று கூப்பிடுவதால் எனக்கு அத்தை.

உருளைக்கிழங்கு அழுகல் நோய்தான் என்னை இவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு வந்தது. சிறு வயதில் மூட்டையைப் பிரித்தால் சில சமயம் கிழங்கு கூழாகி, குடலைப் புரட்டும் நாற்றம் அடிக்கும். அப்பா அதைக் குழியில் கொட்டி மூடிவிட்டு, "சீக்கு விழுந்துருச்சு" என்பார். என்ன சீக்கு என்று கேட்டால், "அது தெரிஞ்சா நான் ஏன் இங்க கெடக்கேன்?" என்பார். அது ஒரு பாக்டீரியா என்று பிறகு படித்தேன். அதற்குப் பெக்டோபாக்டீரியம் என்று பெயர். கிழங்கின் செல்களை ஒட்டவைத்திருக்கும் பசையை அது கரைத்துவிடும். கரைக்க ஒரு நொதியை வெளியே கக்கும். அந்தப் பாக்டீரியாவின் எந்த மரபணு எந்த வேலையைச் செய்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் என் சோலி. பத்து வருடமாக அதற்குத்தான் சம்பளம் வாங்குகிறேன்.

எப்படிக் கண்டுபிடிப்பது? கெடுத்துப் பார்ப்பதுதான் வழி. டிரான்ஸ்போசான் என்று டி.என்.ஏ. துணுக்கு ஒன்று உண்டு. பஸ் நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்போமே, அதுமாதிரி அது பாக்டீரியாவின் மரபணுத் தொடரில் ஏதோ ஓர் இடத்தில் போய் விழும். விழுந்த இடத்து மரபணு அதன்பிறகு வேலை செய்யாது. ஒவ்வொரு பாக்டீரியாவிலும் வெவ்வேறு இடத்தில் விழும். இப்படி ஆளுக்கொரு குறையோடு பல்லாயிரம் பாக்டீரியாக்களை உண்டாக்கிச் சேர்த்து வைத்தால் அதற்கு லைப்ரரி என்று பெயர். அந்தக் கூட்டத்தை அப்படியே ஒரு கிழங்குக்குள் ஊசியால் ஏற்றி, அழுக விட்டு, சில நாள் கழித்து எடுத்து, எந்தெந்த இடத்தில் துண்டு விழுந்தவர்கள் உயிரோடு இருக்கிறார்கள், யார் காணாமல் போனார்கள் என்று சீக்வென்சிங் செய்து எண்ணுவோம். ஒரு மரபணுவில் துண்டு விழுந்த அத்தனை பேரும் காணாமல் போயிருந்தால், அந்த மரபணு இல்லாமல் பிழைக்க முடியாது என்று அர்த்தம். செத்தவர்கள் எதையும் எழுதி வைத்துவிட்டுச் சாவதில்லை. வெற்றிடத்தைப் பார்த்துத்தான் நாங்கள் படிக்கிறோம்.

முதல் வருடம் ஒரு தப்புச் செய்தேன். நொதியை வெளியே கக்குவதற்கான மரபணு கெட்டுப்போனவர்கள் கிழங்குக்குள் கட்டாயம் செத்திருக்க வேண்டும், இல்லையா? கிழங்கைக் கரைக்கத் தெரியாதவன் கிழங்கில் எதைத் தின்பான்? ஆனால் எண்ணிப் பார்த்தால் எல்லாரும் கொழுகொழுவென்று இருந்தார்கள். நான் பெரிய கண்டுபிடிப்பு என்று நினைத்து, "இந்த மரபணு தேவையில்லை" என்று நோட்டில் எழுதி, எங்கள் ஆய்வகத் தலைவி குன்னலிடம் கொண்டுபோய்க் காட்டினேன். குன்னல் அறுபது வயதுக்காரி, அளந்து பேசுகிறவள். நோட்டைப் பார்த்தாள், சிரித்தாள். "தனியாக வைத்துப் பார்" என்றாள். அந்தக் குறையுள்ள பாக்டீரியாவை மட்டும் பிரித்து ஒரு புதுக் கிழங்கில் ஏற்றினேன். நான்கு நாள் கழித்து வெட்டினால் கிழங்கு கல் மாதிரி இருந்தது. ஊசி போட்ட துளையில் கடுகளவு கறுப்பு. உள்ளே ஒன்றும் பிழைக்கவில்லை. கூட்டத்தில் இருந்தபோது பக்கத்தில் இருந்தவர்கள் கக்கிய நொதி எல்லாருக்குமாகக் கிழங்கைக் கரைத்திருக்கிறது. இவனும் அதில் சாப்பிட்டிருக்கிறான். அவனுக்குக் குறை இருப்பதே எங்கள் கணக்கில் தெரியவில்லை. இதை இப்போது ஒவ்வொரு இலையுதிர்காலமும் புது மாணவர்களுக்கு நானே பாடம் நடத்துகிறேன். கூட்டத்தோடு வைத்துப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறான் என்று எழுதாதே என்று கரும்பலகையில் அடிக்கோடு போட்டுச் சொல்கிறேன்.

படித்தவன் பாட்டைக் கெடுத்தான், எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான் என்பார்கள். நான் இரண்டையும் கெடுத்தேன்.

வாரம் தவறாமல் ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குப் போன் செய்வேன். அவரிடம் இருந்தது பழைய பொத்தான் போன். எங்கள் பக்கத்து அப்பாமார்களோடு போனில் பேசியவர்களுக்குத் தெரியும், அவர்கள் பேச்சு மொத்தம் ஐந்து கேள்வி. சாப்பிட்டியா? அங்க குளுரா? வேல எப்படிப் போகுது? எப்ப வர? சரி, வச்சிரட்டா? நாம் ஏதாவது கேட்டால் "ம்ம், இருக்கு" என்பார்கள். பக்கத்தில் எப்போதும் முருகாயி அத்தை குரல் கேட்கும். "பூண்டு எப்படிப்பா வந்திருக்கு?" என்று கேட்டால், அத்தைதான் தூரத்திலிருந்து கத்துவாள்: "இந்தவாட்டி நல்லா பிடிச்சிருக்கு தாயி, மழதான் ஏமாத்திருச்சு." அப்பா அதையே திருப்பிச் சொல்வார். "ஆமாத்தா, மழதான் ஏமாத்திருச்சு." எனக்கு அதில் ஒன்றும் வித்தியாசமாகத் தெரியவில்லை. வயசான மனுசர், காது கொஞ்சம் மந்தம், பக்கத்தில் ஆள் இருக்கிறார்கள், நல்லதுதானே என்று நினைத்தேன்.

இங்கே ஆய்வகத்தில் தினமும் இரண்டு வேளை ஃபீகா என்று ஒன்று உண்டு. எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்து காபி குடிக்க வேண்டும். ஒருநாள் அப்பாவைப் பற்றிப் பேச்சு வந்தது. எழுபது வயது, மலைமேல், தனியாக இருக்கிறார் என்று சொன்னேன். எனக்கு அதைச் சொல்லக் கூச்சமாக இருந்தது. பெற்றவரைத் தனியாக விட்டுவிட்டு வந்தவள் என்று முகத்தில் அறைவார்கள் என்று எதிர்பார்த்தேன். குன்னல் முகம் மலர்ந்துவிட்டது. "எவ்வளவு அருமை! தன் காலிலேயே நிற்கிறார்!" என்றாள். மற்றவர்களும் தலையாட்டினார்கள். ஒருவர் தன் தாய் எண்பத்தெட்டு வயதில் தனியாக விறகு பிளப்பதைப் பெருமையாகச் சொன்னார். நான் பாவம் என்று நினைத்துச் சொன்னதை அவர்கள் பாராட்டாக எடுத்துக்கொண்டார்கள். திருத்தியிருக்கலாம். திருத்தவில்லை. கேட்கக் கேட்க எனக்கும் அது பிடித்துப்போனது. என் அப்பா தன் காலிலேயே நிற்கிறார் என்று நானும் நம்ப ஆரம்பித்தேன்.

போன வருடம் ஜூலையில் விடுமுறைக்கு ஊருக்குப் போனேன். நான் போவதற்கு ஒரு வாரம் முன்னால் அப்பா ஈரக் கல்லில் சறுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொண்டிருந்தார். மூன்று வேளையும் அத்தை வீட்டிலிருந்து சோறு வந்தது, கை உடைந்ததால்தான் என்று நினைத்துக்கொண்டேன். கட்டுப் பிரித்துப் பார்க்கக் கொடைக்கானலுக்குப் போக வேண்டும். காலை பஸ்ஸை விட்டால் அடுத்த பஸ் எப்போது என்று கடவுளுக்குத்தான் தெரியும். நானும் அப்பாவும் போனோம், முருகாயி அத்தையும் கூட வந்தாள். டாக்டர் சின்ன வயதுக்காரர், நல்ல மனிதர். கையைப் பார்த்துவிட்டு, பேச்சுக் கொடுக்கிற மாதிரி அப்பாவிடம் கேட்டார்.

"இன்னைக்கு என்ன கிழமை அய்யா?"

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு அத்தையைப் பார்த்தார்.

"வியாழக்கெழமைங்க டாக்டர்" என்றாள் அத்தை. "இன்னைக்குன்னு பாத்து பஸ்ஸும் லேட்டு. வெள்ளனே கெளம்பியும் பிரயோசனமில்ல."

"ஆமாங்க, லேட்டு" என்றார் அப்பா.

டாக்டர் சிரித்தார். நானும் சிரித்தேன். "தன் வேலையெல்லாம் தானே பாத்துக்குவாரா?" என்று டாக்டர் கேட்டார். அத்தை வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "ஓ, எல்லாம் அவரே பாத்துக்குவாரு டாக்டர். தனியாத்தான் இருக்காரு." அந்த அறையில், என் கண் முன்னால், ஒருத்தி அவருக்காக நொதியைக் கக்கிக்கொண்டிருந்தாள். பத்து வருடம் அதையே ஆராய்ச்சி செய்தவளுக்கு அது தெரியவில்லை. மாடு மாதிரி சிரித்துக்கொண்டு நின்றேன்.

திரும்பும்போது பஸ்ஸில் ஒரு முடிவு எடுத்தேன். ஆபத்து என்றால் ஆஸ்பத்திரிக்குப் போக அரைநாள் ஆகிற ஊரில் இவரை வைத்திருக்கக் கூடாது. பெருமாள்மலையில் வீடு பார்த்தேன். கொடைக்கானல் மலைப்பாதையில் ரோடு பிரிகிற இடம். கடை இருக்கிறது, ஆட்டோ இருக்கிறது, குளிரும் கொஞ்சம் குறைவு. எஸ்தர் டீச்சர் என்று பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அம்மா, தன் வீட்டின் கீழ்ப் பகுதியை வாடகைக்கு விட்டார்கள். வெஸ்டர்ன் டாய்லெட், ஹீட்டர், கேஸ் அடுப்பு எல்லாம் உண்டு. காலையில் ஒரு பெண் வந்து சமைத்து வைத்துவிட்டுப் போக ஏற்பாடு செய்தேன். அப்பாவிடம் சொன்னேன். "சரித்தா" என்றார். எதைச் சொன்னாலும் சரித்தாதான். கிளாவரையில் பஸ் ஏறும்போது முருகாயி அத்தை பூண்டுப் பை ஒன்றைத் தூக்கிக் கொடுத்தாள். "குளுராமப் பாத்துக்கண்ணே" என்றாள் அப்பாவிடம். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு சுமை குறைந்தது என்று அவளுக்கு நிம்மதியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் சுவீடன் திரும்பிப் பத்து நாளில் எஸ்தர் டீச்சரின் முதல் போன் வந்தது. "டோன்ட் வொரி மா, கேஸை ஆஃப் பண்ண மறந்துட்டாரு, நான் பாத்துட்டேன்." அடுத்து, சமைத்து வைத்த சோறு தட்டு மூடியபடி அப்படியே இருந்தது என்றார்கள். அதற்கடுத்து, காலை ஐந்தரைக்கு அப்பா தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, கையில் களைக்கொத்தோடு பஸ் ஸ்டாப்பில் நிற்கிறாராம். வருகிற பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர்கள் இறக்கிவிட்டுப் போகிறார்களாம். "வெரி நைஸ் பெர்சன் மா, ஆனா அட்ஜஸ்ட் ஆக மாட்டேங்கிறாரு. யாரு என்னன்னு கேட்டா சிரிக்கிறாரு." எனக்குக் கோபம் வந்தது. ஆமாம், கோபம்தான் வந்தது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. இவ்வளவு செய்து கொடுத்தும் பிடிவாதம் பிடிக்கிறாரே என்று ஆத்திரம். போனில் சத்தம் போட்டேன். "ஏன்ப்பா இப்படிப் பண்றீங்க? நான் இங்க நிம்மதியா இருக்க வேணாமா?" கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பக்கத்தில் எடுத்துக் கொடுக்க யாரும் இல்லை என்பது அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை. "சரித்தா" என்றார். பிறகு, "சாப்பிட்டியா? அங்க குளுரா?" என்றார்.

அக்டோபர் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது ஃப்ரீசர் கூப்பிட்டது. அந்தப் பெட்டிக்குள் நான் மூன்று வருடம் பாடுபட்டு உருவாக்கிய புது லைப்ரரி இருந்தது. வெளியே முதல் பனி விழுந்து கிடந்தது. சைக்கிளை மிதித்துக்கொண்டு ஓடினேன். கம்ப்ரசர் நின்றுபோயிருந்தது. கையுறையோடு குழாய்களை ஒவ்வொன்றாக உலர்பனிப் பெட்டிக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். கைபேசி பையில் அடித்தது. எஸ்தர் டீச்சர். ஊரில் அப்போது சாயங்காலம் நாலு மணிக்கு மேல் இருக்கும். வழக்கமான புகாராக இருக்கும், முடித்துவிட்டுக் கூப்பிடலாம் என்று விட்டுவிட்டேன். மறுபடியும் அடித்தது. மறுபடியும் விட்டேன். குழாய் ஒன்றுகூடக் கெடாமல் எல்லாவற்றையும் காப்பாற்றி, குன்னலுக்குச் செய்தி அனுப்பி, அவள் அனுப்பிய கைதட்டல் படத்தைப் பார்த்துவிட்டு, அதன் பிறகுதான் டீச்சரைக் கூப்பிட்டேன். "எங்க போயிட்டீங்க மா? அப்பாவக் காணோம்" என்று அவர்கள் அழுதார்கள்.

கிளாவரைக்குப் போக மேலே ஏற வேண்டும். அப்பா கீழே இறங்கிப் போயிருக்கிறார். மழை, மூட்டம், பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாத சாயங்காலம். மறுநாள் காலை, ரோட்டுக்குக் கீழே காப்பித் தோட்டத்தில் வேலைக்குப் போனவர்கள் பார்த்திருக்கிறார்கள். இடுப்பு உடைந்து, மழையில் நனைந்து கிடந்திருக்கிறார். களைக்கொத்தை விடவில்லையாம்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் போய் நின்றேன். அப்பா கண்ணைத் திறந்து பார்த்தார். என்னைத் தெரிந்தது. அதில் சந்தேகமே இல்லை, முகம் அப்படி விரிந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டார். விரல்கள் சுட்டன. நான் குனிந்து, "அப்பா" என்றேன்.

"சாப்பிட்டியா?" என்றார்.

"சாப்பிட்டேம்ப்பா."

"அங்க குளுரா?"

நான் அவர் பக்கத்தில் நிற்கிறேன். அவர் கை என் கைக்குள் இருக்கிறது. "குளுருதுப்பா" என்று சொன்னேன். வேறு என்ன சொல்ல? வேல எப்படிப் போகுது என்றார். நல்லாப் போகுதுப்பா என்றேன். எப்ப வர என்றார். நான் அவர் கையை இறுக்கிப் பிடித்தேன். "சரி, வச்சிரட்டா?" என்றார். கண்ணை மூடிக்கொண்டார். அதற்குப் பிறகு ஒரு நாள் இருந்தார், பேசவில்லை.

ஊரில்தான் அடக்கம் செய்தோம். காரியம் முடிந்த அன்று சாயங்காலம், வந்தவர்கள் எல்லாம் போன பிறகு, முருகாயி அத்தையும் நானும் அடுப்படியில் உட்கார்ந்திருந்தோம். அவள் அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான்தான் கேட்டேன்.

"அத்தை, அப்பாவுக்கு எப்ப இருந்து இப்படி?"

அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "நாலு வருசம் இருக்கும் தாயி. மொதல்ல பேருதான் மறந்துச்சு. அப்புறம் காட்டுக்குப் போற வழி தெரியாது. ரெண்டு பாத பிரியுற எடத்துல நின்னுருவாரு. யாராச்சும் பாத்துட்டு, நானும் அந்தப் பக்கந்தான் மாமா போறேன்னு கூட நடந்துருவாக. சோறு ஆக்கத் தெரியல. நான் தெனமும், இன்னைக்குக் கொழம்பு கூடிப்போச்சுண்ணேன்னு கொண்டு போயி வப்பேன். பக்கத்துல உக்காந்து நானும் ஒரு வாய் தின்னாத்தான் தின்பாரு. கேஸு அடுப்ப நான்தேன் கழட்டி வச்சேன்."

"ஊருக்கே தெரியுமா?"

"தெரியும்னா, என்னத்தத் தெரியும். யாரும் கூடி ஒக்காந்து பேசல. அவுகவுக கண்ணுக்கு எது பட்டுச்சோ அதச் செஞ்சோம்."

"எங்கிட்ட ஏன் அத்தை சொல்லல?" என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. குற்றம் சாட்டுகிற குரல். அதை அவள்மீது ஏவ எனக்கு என்ன தகுதி?

"சொன்னா நீ வந்து கூட்டிட்டுப் போயிருவ."

"கூட்டிட்டுப் போனப்பவாச்சும் சொல்லியிருக்கலாமே!"

அவள் அண்டாவைக் கவிழ்த்து வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்தாள். "பெத்த மக வந்து கூப்புடுது. எங்கப்பனுக்கு ஹீட்டரு இருக்கு, ஆஸ்பத்திரி இருக்குங்குது. நாங்க யாரு தாயி மறிக்கிறதுக்கு?" என்றாள். அவள் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. திட்டவில்லை. நான் அவள் தோளில் சாய்ந்து, சின்னப் பிள்ளை மாதிரி ஓவென்று அழுதேன். "நான்தான் அத்தை கொன்னுட்டேன்" என்றேன். "ச்சீ, வாயக் கழுவு" என்றாள். இல்லை என்று மட்டும் அவள் சொல்லவே இல்லை.

இதைப் படிக்கிற ஊர்க்காரர்கள் இவ்வளவு படித்தும் இந்தப் புத்திதானா என்று கேட்பீர்கள். கேளுங்கள். என்னைப் போல வெளியே கிடக்கிறவர்கள் ஒன்றும் கேட்க மாட்டீர்கள், எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்கிற குரலை வைத்துக்கொண்டு நன்றாக இருக்கிறார்கள் என்று எழுதிக்கொள்கிறவர்கள்தானே நாம் எல்லாரும். அந்தக் குரலுக்குப் பக்கத்தில் யார் உட்கார்ந்து எடுத்துக் கொடுக்கிறார்கள் என்று நாம் கேட்பதில்லை. வேலைக்காரப் பெண், ஹீட்டர், ஆஸ்பத்திரி, எல்லாவற்றையும் கணக்குப் போட்டேன். குழம்பு கூடிப்போச்சு என்று ஒருத்தி தினமும் சொன்ன பொய் அதில் இல்லை. அதற்கு மாற்று ஏற்பாடு செய்ய எனக்குத் தோன்றவும் இல்லை.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் காட்டில் பூண்டு ஊன்றும்போது மற்ற வீடுகளில் இருந்து ஆளுக்கு ஒருவர் போக வேண்டும். கூலி கிடையாது. அவர்கள் காட்டுக்கு இவர்கள் வருவார்கள். எவ்வளவு முடியாத வீடாக இருந்தாலும் ஓர் ஆள் போய் நிற்காமல் இருக்க மாட்டார்கள். நான் கிளம்புவதற்கு முந்தின நாள் முருகாயி அத்தை காட்டில் ஊன்றினார்கள். காலையில் கதவைத் தட்டினாள். "உங்க வீட்டு ஆளா நீ வா" என்றாள். எனக்குப் பூண்டு ஊன்றிப் பதினெட்டு வருடம் ஆகிறது என்றேன். "அதுக்கென்ன, வெரசா வா, மூட்டம் போடுறதுக்குள்ள முடிக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

ஏழெட்டுப் பெண்கள். ஆளுக்கு ஒரு வரிசை. மடியில் பூண்டுப் பல்லைக் கட்டிக்கொண்டு குனிந்தேன். வேர்ப் பக்கம் கீழே, மூக்கு மேலே, விரல் கணு அளவுக்கு அழுத்த வேண்டும். மனதுக்குத் தெரிகிறது, கைக்கு மறந்துவிட்டது. ஒன்று சாய்ந்தது, ஒன்று ஆழம் போனது, ஒன்று தலைகீழாகவே போயிருக்கும். எல்லாரையும் விட மெதுவாகத்தான் போனேன். பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. யார் மகளுக்கோ பழனியில் மாப்பிள்ளை பார்த்திருக்கிறார்களாம், மாப்பிள்ளைக்குப் பஞ்சாமிர்தக் கடையாம். அந்தப் பேச்சில் நானும் சேர்ந்து சிரித்துவிட்டு, முதுகு வலிக்கவே நிமிர்ந்து திரும்பினேன்.

எனக்குப் பின்னால் இரண்டு பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள். தங்கள் வரிசையை முடித்துவிட்டு என் வரிசையில் இறங்கியிருந்தார்கள். நான் ஊன்றிய பல்லை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, சாய்ந்ததை நிமிர்த்தி, தலைகீழாக இருந்ததைப் பிடுங்கித் திருப்பி வைத்து, மண்ணைத் தட்டிக்கொண்டே வந்தார்கள். பேச்சை நிறுத்தவில்லை. என்னைப் பார்த்துக் குறும்பாகச் சிரிக்கவும் இல்லை. அவர்கள் கை அதற்குப் பழகியிருந்தது. நாலு வருடம் இந்தக் காடுகளில் எங்கள் வீட்டு ஆளாக வந்து நின்றவர் அப்பாதானே என்று அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன்.

"என்னத்தா நின்னுட்ட?" என்றாள் முருகாயி அத்தை அடுத்த வரிசையிலிருந்து. "நீ பாட்டுக்கு முன்னால போ."

விடிந்தால் முதல் பஸ், அப்புறம் மதுரை, அப்புறம் விமானம். அங்கே காப்பாற்றி வைத்த குழாய்கள் எனக்காகக் காத்திருந்தன. இந்த வரிசை முளைக்கும்போது நான் பனிக்குள் இருப்பேன். நான் குனிந்து இன்னொரு பல்லை எடுத்து மண்ணில் அழுத்தினேன், சரியாகத்தானா என்று பார்க்காமல் அடுத்ததை எடுத்தேன். பின்னால் மண் தட்டும் சத்தம் என்னைத் தொடர்ந்து வந்துகொண்டே இருந்தது.